முகாம் வாசலுக்குப் போகாதவள்

சீதேவிப்பிள்ளையின் பகல் அவளுக்குச் சொந்தமில்லை என்று தேற்றாத்தீவில் எல்லோரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். கூட்டம் போட்டு எடுத்த முடிவல்ல. அவளுக்குச் சிங்களம் தெரியும். பிள்ளைகள் இல்லை. பயமும் குறைவு. தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் அப்படி ஒருத்தியை வீட்டில் இருக்க யார் விடுவார்கள்.

அவளுடைய அப்பா அம்பாறையில் தையற்கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதில் சீதேவி அங்கே கடைத்தெருச் சிங்களப் பிள்ளைகளோடு சண்டை பிடித்து வளர்ந்தாள். அந்தச் சண்டைச் சிங்களம்தான் இப்போது ஊருக்குத் தேவைப்பட்டது. விடிய முன்னம் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும். பொடியன்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் தாய்மார் கூந்தலைக்கூட முடியாமல் அவளுடைய வேலிக் கடப்படியில் வந்து நிற்பார்கள். அவள் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு போவாள். முகாம் வாசலில் வெயிலில் நின்று, இவன் படிக்கிற பிள்ளை, அவன் கூலிக்கு வேலை செய்கிறவன் என்று ஒவ்வொருவனுக்காகவும் பேசுவாள். சிலரை விட்டார்கள். சிலரை விடவில்லை. விட்டால் கோயிலுக்கு நேர்த்தி வைத்தது பலித்தது என்றார்கள். விடாவிட்டால் சீதேவி இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம் என்றார்கள்.

மிச்ச நேரத்தைச் செத்த வீடுகளும், சங்கக்கடை வரிசையும், ஊர்க் குழுக் கூட்டமும் எடுத்துக்கொண்டன. ஆறு மணிக்கு மறுபடி ஊரடங்கு. அவள் வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில் அழகரத்தினம் பழஞ்சோற்றைத் தின்றுவிட்டு வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பான்.

அழகரத்தினம் அவளுடைய புருஷன். வாவியில் தோணி விட்டு வீச்சுவலை போடுகிறவன். போன வருடம் வாவிக் கரையோரமாக ஷெல் விழுந்தபோது அவன் தோணியில் நின்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது மட்டும் போய்விட்டது. இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது காதில், கிணற்றுக்குள் யாரோ பேசுகிற மாதிரி ஏதோ ஒன்று. எதிரே நின்று வாயை அசைத்துப் பேசினால் விளங்கிக்கொள்வான். ஊருக்கு இது தெரியும். முகாமுக்குத் தெரியக்கூடாது என்பதும் ஊருக்குத் தெரியும். வெடியில் காது போனவன் என்றால் வெடி வெடித்த இடத்தில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவர்களும் திரும்பி வந்ததில்லை.

ஆவணியில் ஒரு நாள், தச்சுவேலை செய்கிற ஒரு பொடியனை மீட்டுக்கொண்டு சீதேவி ஊருக்குத் திரும்பினாள். பொடியனின் தாய் பஸ் தரிப்பிலிருந்து அவள் கையை விடவில்லை. வீதியில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நல்ல நாள் என்று நினைத்தபடி அவள் குறுக்குவழியாக வாவிக் கரைக்கு இறங்கினாள்.

தோணி கவிழ்ந்து கிடந்தது. பின்பக்கப் பலகையில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. அழகரத்தினம் தேங்காய்த் தும்பைத் தாரில் தோய்த்து அதற்குள் அடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நல்லரத்தினம் குந்தியிருந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவனும் தோணிக்காரன், உறவில் மச்சான்.

"என்ன நடந்த?" என்று கேட்டாள்.

"காவலரண்ல இருந்து விசில் அடிச்சானுகள் மச்சாள். நான் கையைத் தூக்கிட்டன். இவன் அங்கால பாத்து வலையை ஏந்திக்கொண்டு நிக்கிறான். கத்தினன். கோலால தண்ணியில அடிச்சன். இவன் மீனைப் பாக்கிறான். மறுகா வெடி. முதல் வெடி தண்ணியில. அடுத்தது இது."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு நான் என்ட தோணியைக் குறுக்க விட்டன்." நல்லரத்தினம் பீடியை மணலில் குத்தினான். "இப்பவே சொல்லிப்போட்டன், இன்னொருக்கா விடமாட்டன். எனக்குக் கட்டிக் குடுக்க மூண்டு குமர் கிடக்கு. ரெண்டு வலை ஒரே இடத்தில போடவும் ஏலா."

அழகரத்தினம் நிமிர்ந்து பார்த்தான். காது போனதிலிருந்து அவன் குரல் எப்போதும் வயலில் நின்று கூப்பிடுகிற குரல்.

"என்ன சொல்றான் இவன்?"

சீதேவி அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். "நீங்க ஒரு மாடு எண்டு சொல்றார்."

"அது பழைய கதை" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி தும்பை அடைத்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "தச்சன்ட பொடியன் வந்திட்டானா?"

"வந்திட்டான்."

"நல்லம்."

அவ்வளவுதான். அவன் ஏசியிருந்தால் அவளும் ஏசியிருப்பாள், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அரிசியைக் கழுவினாள். அரிசியைக் கழுவியபடி தன்னுடைய நாளைப் பார்த்தாள். உனக்கு யார் முக்கியம் என்று யாராவது கேட்டால் இவர்தான் என்று யோசிக்காமல் சொல்வாள். அந்த ஆளை ஷெல் விழுந்த நாளிலிருந்து பகலில் அவள் பார்த்ததே இல்லை. அவன் என்ன தின்கிறான், எந்தப் பக்கம் தோணி விடுகிறான், விசில் அடித்தால் என்ன செய்வான், எதுவும் தெரியாது. ஊரில் யார் வீட்டுப் பிள்ளை எந்த நிறச் சட்டையோடு பிடிபட்டது என்பது தெரியும். வாயால் அவனை முதலில் வைத்திருந்தாள். பகலால் கடைசியில் வைத்திருந்தாள். வாய்க்கு வெடி படாது. பகலில்தான் வெடி வைக்கிறார்கள்.

அவனை வீட்டில் இருக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"இருந்து?" என்றான். "வீட்டில கிடக்கிற ஆம்பிளையைத்தான் முதல்ல பிடிக்கிறானுகள். தோணியில நிண்டா தொழிலாளி. திண்டுட்டுப் படுத்தா பயங்கரவாதி."

வாவிக்கு அந்தக் கரையில், இயக்கம் நிற்கிற பக்கம், அவளுடைய சீதன வயல் கிடந்தது. அங்கே போக முடியாமல் இரண்டு போகம் போய்விட்டது. வாவியைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

"அப்ப நாளையில இருந்து நானும் தோணியில வாறன்."

அவன் அவள் உதட்டைத் தப்பாக வாசித்துவிட்டதாக நினைத்தான். மறுபடி சொல்லச் சொன்னான். அவள் மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

காலையில் முதலில் கந்தப்போடியாரிடம் போனாள். அவர் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்; ஊர்க் குழுவுக்கும் அவர்தான் தலைவர். சாய்மனைக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் இனி வாசலுக்குப் போகமாட்டன். குழுவுக்கும் வரமாட்டன்."

"உடம்புக்கு ஏலாதா மகள்?"

"உடம்புக்கு ஒண்டுமில்ல. அவரோட தோணியில போகப் போறன். விசில் அடிச்சாக் கேக்க ஒரு ஆள் வேணும்."

போடியார் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். "நீ வராட்டி நாங்க அங்க போய் ஊமையன் மாதிரி நிக்க வேணும். ஆருக்கும் பாஷை தெரியா. உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? உன்ட பகல் சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்கெண்டுதான் எல்லாரும் எடுத்தீங்க. இப்ப எனக்கு வேணும்."

"அழகரத்தினத்தை வீட்டில இருக்கச் சொல்லு. நிவாரண அரிசியில ஒரு பங்கைக் கூட்டித் தரலாம்."

"அரிசியைத் தந்து என்ட பகலை வாங்கப் பாக்கிறீங்க மாமா."

"ஒரு ஆம்பிளைக்காக ஊரை விடுறா" என்று உள்ளேயிருந்து போடியாரின் பெண்சாதி சொன்னாள்.

"ஓம் மாமி" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுச் சீதேவி வந்துவிட்டாள்.

தோணிக்குள் பெண்ணை ஏற்றுகிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை. கரையில் நின்று மீனை வாங்கிக் கூடையில் போட்டுப் போவதோடு பெண்களின் வேலை முடியும். தோணிக்காரர்கள் எல்லோரும் கோலை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"மச்சாள், கரையில நிண்ட பொம்பிளைகளுக்கே மீன் பயந்து ஓடுது" என்றான் நல்லரத்தினம். "நீ உள்ளுக்கு ஏறினா வாவியே வத்திப் போகும்."

"வத்தட்டும். நடந்து போய்ப் பொறுக்குவம்."

சிரித்தார்கள். சிரித்த பிறகு ஒரு கிழவர் உண்மையாகவே தன் தோணியைத் தள்ளிக் கட்டினார். அவளோடு பக்கத்தில் வலை போட அவருக்கு மனமில்லை.

முதல் நாட்கள் கேவலமாகப் போயின. அவளுக்குக் கோல் ஊன்றத் தெரியவில்லை. தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. அழகரத்தினம் முன்னால் நின்று வலையை வீச, அவள் பின்னால் இருந்து தோணியை ஆட்ட, வலை விரியாமல் பொத்தென்று ஒரு குவியலாக விழுந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. அவன் ஏசினான். அவளும் ஏசினாள். அவனுக்குக் கேட்காது என்பதால் அவள் ஏச்சு வீணாகப் போனது. கோபத்தில் ஒரு நாள் கோலின் அடிக்கட்டையால் தோணியின் அடிப்பலகையில் ஓங்கி இடித்தாள். அவன் உடனே திரும்பிப் பார்த்தான்.

"எப்பிடித் தெரிஞ்ச?" என்று வாயை அசைத்துக் கேட்டாள்.

"கால்ல தெரியுது."

அன்றைக்கு அவர்கள் மீனே பிடிக்கவில்லை. நடு வாவியில் நின்று பழகினார்கள். ஒரு இடி என்றால் அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு இடி என்றால் எந்தப் பக்கமும் பார்க்காமல், வலையைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்க வேண்டும். அவன் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றான். தூரத்தில் வலை போட்டவர்கள் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நல்லரத்தினத்துக்கு மட்டும் விளங்கியது. அடுத்த நாள் மற்றத் தோணிகளை விலக்கிக்கொண்டு இவர்களுக்குப் பக்கத்தில் வந்து வலை போட்டான்.

தோணியில் பெண் போகிறாள் என்ற செய்தி காவலரணுக்குப் போக அதிக நாள் எடுக்கவில்லை. ஒரு காலை விசில் ஊதியது. அவள் இரண்டு முறை இடித்தாள். அழகரத்தினத்தின் கை சரியாக மேலே போனது. கரைக்கு வரும்படி சைகை காட்டினார்கள்.

முகாம் அதிகாரியே அங்கே நின்றான். வாசலில் எத்தனையோ நாள் அவளோடு வாக்குவாதப்பட்டவன். அவளைக் கண்டதும் சிரித்தான்.

"வாசல் சலித்துவிட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டான். "இங்கே என்ன செய்கிறாய்? எதைக் கொண்டுபோகிறாய் அந்தக் கரைக்கு?"

"மீன் பிடிக்கிறோம் மாத்தயா. கோல் ஊன்றுகிற பொடியனை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். ஆள் இல்லை."

அது பாதி உண்மை. பிடிபட்ட பொடியன் நல்லரத்தினத்தின் தோணிப் பொடியன். அதிகாரி தோணியைச் சோதிக்கச் சொன்னான். வலையையும் சோற்றுப் பெட்டியையும் கிளறினார்கள். அழகரத்தினம் தலையைக் குனிந்து வலையின் ஈயக்குண்டுகளைத் தடவிக்கொண்டிருந்தான். அவனை யாரும் கவனிக்கவில்லை. அதிகாரியின் கண் முழுக்க அவள் மேலேயே இருந்தது.

"வாசலுக்கு இப்போது வருவதில்லையே."

"நேரமில்லை."

"நல்லது. நீ வந்தால் என்னுடைய காலை வீணாகிறது." அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினான். "இது தோணிக்குப் பாஸ். பெண் ஏறலாம் என்று போட்டிருக்கிறேன். வாசலில் உன் தலை தெரிகிற நாளில் இது செல்லாது."

சீதேவி அந்தத் தாளைப் பார்த்தாள். அவள் தானாக எடுத்த முடிவை இவன் விலைக்கு வாங்குவதுபோல நீட்டுகிறான். வாங்காமல் விட்டால் நாளைக்குத் தோணி இறங்காது. வாங்கினாள். இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

பாஸ் கிடைத்த விஷயம் மத்தியானத்துக்கு முன்னம் ஊருக்குள் போய்விட்டது. வாசலுக்கு வராமல் இருப்பதற்கு ஆமி கொடுத்த கூலி என்றார்கள். கடைக்குப் போனால் பேச்சு நின்றது. கந்தப்போடியார் கோயில் வீதியில் எதிர்ப்பட்டுப் பார்க்காத மாதிரிப் போனார். அவளுக்கு அது சுட்டது. ஆனாலும் விடிந்ததும் கோலைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள்.

புரட்டாதி பிறந்து கொஞ்ச நாளில் யோகராசாவைப் பிடித்தார்கள். பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளையின் ஒரே மகன். பள்ளிக்கூடச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். ஆச்சிப்பிள்ளை சீதேவிக்கு மச்சாள் முறை. இரண்டு பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்கள்.

ஆச்சிப்பிள்ளை கடப்படிக்கு வரவில்லை. நேரே வாவிக் கரைக்கு வந்தாள். சீதேவி வலையைத் தோணிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யோகனைக் கொண்டு போயிட்டானுகள்."

"ஓம். லொறிச் சத்தம் கேட்டது."

"வா."

சீதேவி வலையை விடவில்லை. "நான் வரமாட்டன் மச்சாள்."

"ஒரு நாளைக்குத்தானே கேக்கிறன். இண்டைக்கு ஒரு நாள் இந்தாளைக் கரையில இருக்கச் சொல்லு."

"எல்லாரும் ஒரு நாளைக்குத்தான் கேட்டது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள். அப்பிடித்தான் என்ட பகல் முழுக்கப் போன."

"அந்தக் கடதாசிக்காகத்தானே?" ஆச்சிப்பிள்ளையின் குரல் உயரவில்லை. அழவுமில்லை. "பாஸ் கிழிஞ்சு போகுமெண்டுதானே நீ வராம நிக்கிற. என்ட பிள்ளை நீ தூக்கி வளத்த பிள்ளைகா."

"பாஸ் கிழிஞ்சா தோணி இறங்காது. தோணி இறங்காட்டி இந்தாள் வீட்டில கிடக்கும். வீட்டில கிடந்தா அடுத்த லொறியில இந்தாள். விசில் கேக்காத ஆளுக்கு அவனுகள் கேக்கிற கேள்வி கேக்குமா? நான் இதை ஒரு நாள் யோசிச்சு எடுக்கல்ல. இனி மாத்தவும் மாட்டன்."

ஆச்சிப்பிள்ளை திரும்பி நடந்தாள்.

"நில்லு" என்றாள் சீதேவி. "வலை அடுக்கி முடியிற மட்டும் நேரம் கிடக்கு. இதில இரு. நீயே போய்ச் சொல்லு. சொல்ல வேண்டியதை நான் சொல்லித் தாறன்."

"எனக்கென்னத்தைத் தெரியும் சிங்களம்?"

"கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லு. விளங்க வேணுமெண்டில்ல. அவனுக்கு விளங்கினாப் போதும்."

ஆச்சிப்பிள்ளை நின்றபடியே யோசித்தாள். பிறகு ஈர மணலில் உட்கார்ந்தாள். சீதேவி வலையை மடிப்பு மடிப்பாக வைத்துக்கொண்டு சொன்னாள். மாத்தயா, என் மகனை இன்றைக்கு விடியற்காலம் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். அவனுடைய பெயர் இது, வயது இது, தொழில் இது. பிடித்ததை எழுதியிருக்கிறீர்களா? நான் அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்க்காமல் போகமாட்டேன். ஆச்சிப்பிள்ளை திருப்பிச் சொன்னாள். நாக்குப் பிரண்டது. மறுபடி சொன்னாள். அழகரத்தினம் தோணியில் ஏறி நின்று இரண்டு பெண்களின் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டும் அவனுக்கு விளங்காத பாஷை.

வலை முடிந்தது. சீதேவி எழுந்து தோணியைத் தள்ளினாள். ஆச்சிப்பிள்ளை உதட்டை அசைத்தபடி வீதிக்கு நடந்தாள்.

அன்றைக்கு வாவியில் ஒன்றும் நடக்கவில்லை. விசில் இல்லை, வெடி இல்லை. கொஞ்சம் இறாலும் நாலைந்து திரளியும் பட்டன. சும்மா இருந்த ஒரு நாளுக்காக அந்தப் பிள்ளையைக் கைவிட்டோமே என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. அது வந்தபோதெல்லாம் கரையைப் பார்த்தாள். கரையைப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை.

ஆச்சிப்பிள்ளையை அன்று துரத்திவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் அவள் மறுபடி கரைக்கு வந்தாள். கூட இன்னும் இரண்டு தாய்மார் வந்தார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் கூட. வலை அடுக்குகிற நேரம் முழுக்க அவர்கள் மணலில் குந்தியிருந்து சொல்லிப் பழகினார்கள். வலை முடிந்ததும் சீதேவி யாருடைய பாதி வசனத்துக்காகவும் நிற்கவில்லை. ஒருத்தி தோணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒருக்காச் சொல்லித் தா புள்ள" என்று கெஞ்சினாள். சீதேவி அவள் விரல்களைத் தோணியிலிருந்து எடுத்துவிட்டாள்.

சில நாள் கழித்துக் காவலரணிலிருந்து விசில் வந்தது. நீளமான விசில். அவள் இரண்டு இடி இடித்தாள். கை மேலே போனது. கரைக்கு வந்தார்கள். அழகரத்தினம் இறங்கி, தோணி போகாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாவியைப் பார்த்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றான். அதிகாரி சிப்பாய் ஒருவனோடு மணலில் இறங்கி வந்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"உங்கள் ஊரில் எல்லோரும் தச்சர்களா?"

சீதேவிக்கு விளங்கவில்லை.

"வாசலில் எட்டுப் பத்துப் பெண்கள் நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே வசனம். எல்லோருடைய மகனும் வடு பாஸ். பள்ளிக்கூடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி சொல்கிறாள், என் மகன் வடு பாஸ். அதுவும் அம்பாறைக் கடைத்தெருச் சிங்களத்தில்."

வடு பாஸ் என்றால் தச்சன். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தொழில் என்ற இடத்தில் உதாரணத்துக்கு முன்பு மீட்ட தச்சுப் பொடியனின் தொழிலைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவரவர் பிள்ளையின் தொழிலை அங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. வசனத்தை அவர்கள் மந்திரம்போல அப்படியே எடுத்துப் போயிருந்தார்கள்.

"நான் வாசலுக்கு வரவில்லை மாத்தயா. நீங்கள் சொன்னது அதுதான்."

அதிகாரி அவளைத் தாண்டி அழகரத்தினத்தின் முதுகைப் பார்த்தான்.

"டேய், நீ. உன் பெயர் என்ன?"

அழகரத்தினம் அசையவில்லை. அதிகாரி தமிழிலும் கேட்டான். அழகரத்தினம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிப்பாய் துவக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். சீதேவி நடுவில் போய் நின்றாள்.

"அவருக்குக் காது கேட்காது."

எல்லோரும் நின்றார்கள்.

"எப்போதிலிருந்து?"

"போன வருடம் உங்கள் ஷெல் விழுந்ததிலிருந்து. தோணியில் நின்றார். மீன் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு எதுவும் செய்யவில்லை. ஆவணியில் உங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள், கேட்கவில்லை, சுட்டார்கள். அதோ அந்தத் தார் பூசிய இடம். அதனால்தான் நான் தோணியில் வருகிறேன். நீங்கள் பாஸ் தருவதற்கு முன்னமே வாசலை விட்டுவிட்டேன். உங்களுக்காக விடவில்லை."

அதிகாரி தார் பூசிய இடத்தைப் போய்ப் பார்த்தான். விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு அழகரத்தினத்தின் முகத்துக்கு நேரே வந்து நின்றான். அழகரத்தினம் அவனைப் பார்த்தான், சீதேவியைப் பார்த்தான், மெதுவாக இரண்டு கையையும் தூக்கினான்.

காவலரணில் ரேடியோ கரகரத்தது.

"கேள்" என்றான் கடைசியில். "இந்தத் தோணியில் நீ இருந்தால் போகலாம். நீ இல்லாமல் இவன் தனியாக நிற்பதைக் கண்டால் விசில் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவைப்பேன். விளங்கியதா?"

விளங்கியது. விசில் இல்லாமல் எது வரும் என்று அவன் சொல்லத் தேவையில்லை.

"அந்தப் பெண்களை வரவேண்டாம் என்று சொல்."

"அதை நீங்கள் சொல்லுங்கள் மாத்தயா. எனக்கு நேரமில்லை. தோணி நிற்கிறது."

தோணியைத் தள்ளி ஏறும்போது அவளுடைய கால் இடறி அடிப்பலகையில் இடித்தது. பலகை வழியாக அது அழகரத்தினத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தான்.

"என்ன சொன்னான்?"

"நான் இல்லாம நீங்க வாவிக்கு வரக்கூடாதாம்."

"அதை நீயே சொல்லிட்டாய்தானே" என்றான் அந்தப் பெரிய குரலில். கரையில் நின்ற சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண்கள் வாசலுக்குப் போவதை நிறுத்தவில்லை. சீதேவி மறுநாள் காலையில் அவரவர் பிள்ளையின் தொழிலைக் கேட்டு வசனத்தைத் திருத்திக் கொடுத்தாள். படிக்கிறவன், சைக்கிள் கடையில் நிற்கிறவன், மாடு மேய்க்கிறவன். ஒருத்தியின் மகன் உண்மையிலேயே எந்த வேலையும் செய்யாதவன். அவனை வடு பாஸாகவே விட்டார்கள்.

யோகராசாவை விடவில்லை. ஆச்சிப்பிள்ளை வாசலை விட்டுப் போகாமல் நின்றதில், அவனை மட்டக்களப்பு நகரத்துப் பெரிய முகாமுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். கொண்டுபோகும் முன் ஒரு முறை கூட்டிவந்து காட்டினார்கள். முகம் வீங்கியிருந்தது. அம்மா என்று மட்டும் சொன்னான். உயிரோடு இருக்கிறான், பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வருடத்தில் அது பெரிய விஷயம்.

அடுத்த நாள் கரைக்கு வந்தபோது ஆச்சிப்பிள்ளை வெளியூர்ப் பயணத்துக்கு உடுத்தியிருந்தாள். மற்றப் பெண்களைவிட்டுத் தள்ளி நின்றாள்.

"டவுன்ல என்ன சொல்ல வேணும்?"

சீதேவி வலையை அடுக்கியபடி சொன்னாள். இப்போது ஆச்சிப்பிள்ளைக்கு நாக்குப் பிரளவில்லை. ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகும் போகாமல் நின்றாள்.

"முதல் நாள் நீ வந்திருந்தா அண்டைக்கே விட்டிருப்பானுகள்."

அழகரத்தினம் தோணியின் முன்னால் நின்று வலையின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். சீதேவி கடைசி மடிப்பை வைத்தாள்.

"ஓம் மச்சாள். விட்டிருப்பானுகள்."

ஆச்சிப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் ஏதாவது வரும் என்று நின்றாள் போலிருக்கிறது. வரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் தரிப்புப் பக்கம் நடந்தாள். சீதேவி கோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஏறினாள். கரையை விட்டுத் தோணி கழன்றதும், காவலரண் இருக்கிற பக்கம் தன் முகம் வருகிற மாதிரித் திரும்பி நின்று ஊன்றினாள்.